வந்துவிட்டதாக நான் எழுதிய பரிசல்

ஓய்வு பெற்றவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் மூட்டுவலி மருந்தும்தான் அதில் பெரும்பாலும் வரும். போன மாதம் ஒருவர் ஒரு செய்தியைப் போட்டார். சுற்றுலாப் பரிசல்களிலும் படகுகளிலும் எது எங்கே போகிறது என்று காட்டும் கருவி பொருத்தப் போகிறார்களாம். கரையில் ஒரு திரையில் ஒவ்வொரு பரிசலும் ஒரு புள்ளியாகத் தெரியுமாம். அதன் கீழே அவரே ஒரு வரி எழுதியிருந்தார்: "நம் காலத்தில் கருவியா இருந்தது? எல்லாரும் பத்திரமாகத்தானே கரைக்கு வந்தார்கள்!" பதினான்கு பேர் அதற்குக் கைகூப்பியிருந்தார்கள்.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. பத்திரமாக வந்தார்கள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டில் அப்படி எழுதியிருக்கிறது, அதனால் தெரியும். அந்தப் பதிவேட்டில் எழுதியவள் நான்.

இதற்குப் பிறகு, இப்போது பரிசல் துறைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் இருக்கும் பெண் ஒருத்தி போன் செய்தாள். "மேடம், பரிசல்காரங்க கருவி வேண்டாங்கறாங்க. வேவு பாக்கறதா நெனைக்கறாங்க. நீங்க அந்தத் துறையில வேலை பாத்தவங்க. பழைய அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா அவங்களுக்குப் படிச்சுக் காட்டலாம்" என்றாள். நாலு பக்கத்தில் அடங்குமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

என் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். மாதா கோயிலை ஒட்டிய பத்துப் பதினைந்து குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். டைப்ரைட்டிங் இரண்டு தாள் முடித்து, தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராக வேலை வாங்கினேன். பயிற்சி என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. தபால் பதிவது, நகல் எடுப்பது, மேலதிகாரி வந்தால் எழுந்து நிற்பது, இவ்வளவுதான். இரண்டு வருடம் போன பிறகு, எண்பதுகளின் நடுவில், ஒகேனக்கல்லுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பரிசல் ஏறும் துறைகள் பல இருந்தன. எங்கள் துறைக்கு வேறு பெயர் உண்டு, இங்கே புங்கமரத்துத் துறை என்றே வைத்துக்கொள்கிறேன். பென்னாகரத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டு தினமும் மலைப்பாதை பஸ்ஸில் இறங்கிப் போய் வந்தேன்.

என்னைப் பார்த்ததும் பரிசல்காரர்களுக்குச் சிரிப்பு. பொம்பளையை அனுப்பியிருக்கிறார்களே என்று. ஒரு மாதத்தில் "கிளார்க்கம்மா" ஆகிவிட்டேன்.

என் வேலை இதுதான். ஒவ்வொரு பரிசலின் வெளிப்புறத்திலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண் இருக்கும். அதே எண் குத்திய தகர வில்லை ஒன்று துறைக் கொட்டகையில் இருக்கும். கொட்டகைச் சுவரில் ஒரு பலகை. பலகையின் இடப்பக்கத்தில் மேலே "ஆற்றில்" என்றும் வலப்பக்கத்தில் "கரையில்" என்றும் எழுதி, இரண்டு பக்கமும் வரிசையாக ஆணி அடித்திருக்கும். பரிசல் கிளம்பும்போது பதிவேட்டில் எண், ஓட்டுபவர் பெயர், எத்தனை தலை, எந்த ஊர், புறப்பட்ட நேரம் எல்லாம் எழுதுவேன். வில்லை இடப்பக்க ஆணிக்குப் போகும். திரும்பி வந்ததும் பரிசல்காரர் வில்லையை வலப்பக்கம் மாற்றுவார், நான் வந்த நேரத்தைக் கடைசிக் கட்டத்தில் எழுதுவேன். ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கொட்டகை மேட்டில் இருந்தது. பரிசல்கள் ஒதுங்கும் இடமோ ஒரு வளைவுக்கு அப்பால். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆறு தெரியாது! ஆற்றில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பவளுக்கு ஆறு தெரியாது. மேசையை வளைவுக்குக் கொண்டுபோகலாம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். வெயிலில் பதிவேட்டின் மை வெளுக்கும் என்று பதில் வந்தது.

பதில் எழுதியவர் எங்கள் சூப்பர்வைசர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கெட்ட மனிதர் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பலகையே அவர் யோசனை. அவர் வருவதற்கு முன் பதிவேடும் கிடையாது, ஒன்றும் கிடையாது, வந்தவன் வந்தான், வராதவனை வீட்டார் தேடினார்கள். தகர வில்லைகளை அவரே பென்னாகரத்தில் நின்று குத்தி வாங்கி வந்தார். குரல் உயர்த்த மாட்டார். எதையும் சொல்லுமுன் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையின் ஒரே மூலையில் துடைத்து, மாட்டிக்கொண்டு, "ஏம்மா" என்று தொடங்குவார். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. கோடு போட மர ஸ்கேல் ஒன்றைக் கூடவே எடுத்து வருவார். மாலையில் பலகையைப் பார்த்து எல்லா வில்லையும் வலப்பக்கம் இருந்தால் முகம் மலர்ந்துவிடும். பரிசல்களை எண்ணி அவர் பார்த்ததை நான் கண்டதில்லை.

பரிசல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கீழே ஒதுங்கிவிட்டு மேடேறி வர அலுப்பு. யாராவது ஒருவர் கொட்டகைக்கு வந்தால் மற்றவர்கள் வில்லையையும் அவரே மாற்றிவிடுவார். "ஒம்பதும் பன்னெண்டும் வந்தாச்சு கிளார்க்கம்மா, எழுதிக்கோங்க" என்பார். முதலில் மறுத்தேன். "நேர்ல வரச் சொல்லுங்க" என்றேன். வந்து முறைத்துவிட்டுப் போனார்கள். நாளாக நாளாக நானும் எழுத ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமையில் கொட்டகை முன் ஐம்பது பேர் நின்றுகொண்டு "எவ்வளவு நேரம்மா?" என்று கத்தும்போது, வந்துவிட்ட பரிசலை எழுந்துபோய்ப் பார்க்க யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

சுற்றுலா வருகிறவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பெயர் கேட்டால் "எதுக்கு?" என்பார்கள். ஆறு பேர் உட்காருகிற பரிசலில் பத்துப் பேர் ஏறிவிட்டு, குழந்தைகளைக் கணக்கில் சேர்க்காதே என்பார்கள். நடு ஆற்றில் எழுந்து நின்று போட்டோ எடுப்பார்கள். மிதக்கும் சட்டை என்று ஒன்றை நாங்கள் அப்போது கண்ணால் பார்த்ததில்லை. ஆளுக்கொரு டயர் டியூப் வைக்கலாம் என்று பேச்சு வந்தது, பேச்சோடு நின்றது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆடி முடிந்து மழை தொடங்கியிருந்த நேரம். ஞாயிறு இல்லை, கூட்டம் குறைவு. மூன்று மணிக்குச் சற்று முன் சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பதினேழாம் எண் பரிசலில் ஏறியது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது இருக்கும். ஓட்டியவர் மாதப்பன். ஊட்டமலைக்காரர், நாற்பது வயது, வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிறவர். துறையிலேயே கை தேர்ந்தவர் என்று மற்றவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

நான்கு மணிக்கு முனியப்பன் என்ற இன்னொரு பரிசல்காரர் கொட்டகைக்கு வந்தார். தன் வில்லையை வலப்பக்கம் மாற்றினார். பதினேழையும் மாற்றினார்.

"மாதப்பன் வந்தாச்சா?" என்றேன்.

"வந்தாச்சுங்க. கீழ இருக்கான்" என்றார்.

பதினேழுக்கு எதிரில் 4.00 என்று எழுதினேன். முனியப்பன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பென்னாகரம் பஸ்ஸுக்கு ஓடினார். அந்த பஸ் நாலு பத்துக்கு ஹார்ன் அடித்துக் கிளம்பியது.

நாலரைக்குப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். மேலே நல்ல மழை, தண்ணீர் ஏறி வருகிறது, பரிசல்களை நிறுத்து என்று வயர்லெஸ்ஸில் செய்தி. அப்போது இடப்பக்கம் ஐந்து வில்லைகள் இருந்தன. விசில் ஊதி, துணி வீசி, கரையோரம் ஆள் ஓடவிட்டு, ஐந்தையும் ஐந்து மணிக்குள் திருப்பிவிட்டோம். சூப்பர்வைசர் அதற்குள் வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார். முழுவதும் வலப்பக்கம். "ரொம்ப நல்லதும்மா" என்றார். போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு நடந்துபோய், எல்லாப் பரிசலும் கரை சேர்ந்தன என்று மேலிடத்துக்குப் போன் செய்துவிட்டு வந்தார்.

நான் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குடையை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்கு வந்தபோது செருப்புகளைப் பார்த்தேன்.

செருப்பின் ஆணி பரிசலின் அடியைக் கிழித்துவிடும் என்பதால் எல்லாரும் மரத்தடியில் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மற்ற செருப்பெல்லாம் போய்விட்டது. நான்கு ஜோடி மட்டும் கிடந்தன. ஆண் செருப்பு ஒன்று, பெண் செருப்பு ஒன்று, சின்னது இரண்டு. சின்னவற்றில் ஒன்றில் நீல நிற வார். அதை எனக்கு நன்றாக நினைவிருந்தது. வார் அறுந்துவிட்டது என்று அந்தச் சின்னப் பெண் மேசை முன்னால் நின்று அழுதாள், நான்தான் ஃபைல் கட்டும் நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

திரும்பி ஓடினேன்.

"சார், பதினேழு வரலீங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். அதற்குள் ஆறு எவ்வளவு ஏறியிருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, போர்டுல வலப்பக்கம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க சார். ஆனா செருப்பு இங்க கெடக்குது."

"ரிஜிஸ்டர்ல நாலு மணின்னு உங்க கையால எழுதியிருக்குதில்ல? அப்புறம் என்ன? செருப்ப மறந்துட்டுப் போயிருப்பாங்க."

"நாலு பேருமா சார் மறப்பாங்க?"

"பஸ்ஸுக்கு அவசரமா ஓடியிருப்பாங்க."

"சேலத்துக்கு வெறுங்காலோடயா சார்?"

அவர் பலகையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, "நான் போன்ல சொல்லிட்டேனேம்மா" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதனால் எனக்கு எரிச்சல் அதிகமானதே தவிர குறையவில்லை.

அவரை அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினேன். பரிசல்காரர்கள் அங்கே இருந்தார்கள். "பதினேழ கடைசியா யாரு பாத்தீங்க? எங்க பாத்தீங்க? எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டேன். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மாதப்பன் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். இல்லை, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர்களோடு உட்கார்ந்திருந்தார் என்றார் இன்னொருவர். நேற்றுப் பார்த்ததை இன்று பார்த்ததாகச் சொன்னவரும் இருந்தார். யாரிடமும் கடிகாரம் கிடையாது. கத்தி அடக்கினேன். கார்பன் தாளின் பின்பக்கத்தில் ஆற்றை ஒரு கோடாக வரைந்து, ஒவ்வொருவராகக் கேட்டுப் புள்ளி வைத்தேன்.

ஒருவர் கொக்குப்பாறை அருகே பார்த்திருக்கிறார். அது போகும்போது. இன்னொருவர், "மணல் திட்டுல எறங்கி போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க கிளார்க்கம்மா" என்றார்.

"அது எப்போ?"

"அது தெரிலீங்க. பென்னாகரம் பஸ்ஸு ஹார்ன் அடிச்சுதுங்க, அப்பத்தான்."

பஸ் கிளம்பியது நாலு பத்து. நான்கு மணிக்குக் கரையில் என்று நான் எழுதியிருந்த பரிசல், நாலு பத்துக்கு மணல் திட்டில் இருந்திருக்கிறது. கடைசியாக வந்த பரிசலை ஓட்டியவர் சொன்னார்: "விசில் ஊதினப்ப நாங்க இந்தப் பக்கம் திரும்பினோம். ஒரு பரிசலு திட்டுக்கு அந்தாண்ட, எதிர்க்கரைப் பக்கத்துப் பிரிவுல போச்சுங்க. நம்பரு தெரில. வேற துறைக்காரன்னு நெனச்சேன்."

திட்டுக்கு அப்பால் ஆறு இரண்டாகப் பிரியும். விசில் அந்தப் பக்கம் கேட்காது. துணி வீசினால் தெரியாது. அங்கேதான் தேட வேண்டும் என்று ஆனபோது மணி ஐந்து நாற்பது.

இதைப் படிக்கும் பரிசல்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். அரை மணி நேரம் ஒரு தாளில் நான் தட்டுத்தடுமாறி வைத்த புள்ளிகளைத்தான் இப்போது உங்கள் பரிசலில் பொருத்தப் போகும் சின்னப் பெட்டி தானாக வைக்கப் போகிறது. கடைசியாகப் பார்த்த இடம், பார்த்த நேரம், போன திசை. அதற்கு டீக்கடையில் ஆள் பிடிக்க வேண்டாம். பஸ் ஹார்னை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். நண்பனுக்காக அது பொய்யும் சொல்லாது. அன்று அது இருந்திருந்தால் தண்ணீர் செய்தி வந்த நிமிடமே பதினேழு எங்கே என்று தெரிந்திருக்கும். வேவு என்கிறீர்கள். ஆமாம், வேவுதான். என்னை அன்று யாராவது வேவு பார்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பரிசல்காரர்களில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். அவுட்போஸ்ட்டிலிருந்து கயிறு கொடுத்தார்கள். ஏறும் தண்ணீரில் நேராகக் குறுக்கே போக முடியாது என்பதால் இரண்டு பரிசல்களைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையோரமாக மேலே வெகுதூரம் ஓடி, அங்கிருந்து இறக்கி, ஓட்டத்தோடு சாய்வாக இறங்கினார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைகளின் மேல் ஏறி, பிரிவு தெரியும் இடத்துக்குப் போனேன். சூப்பர்வைசர் பின்னால் வந்தார். கையில் இன்னும் ஸ்கேல் இருந்தது.

எதிர்க்கரைப் பிரிவின் நடுவில் ஒரு பாறையின் மேல் அவர்கள் இருந்தார்கள்.

பரிசல் அடி கிழிந்து இரண்டு பாறைகளுக்கு நடுவில் செருகிக் கிடந்தது. பாறை முழுக்க ஒரு கட்டில் அகலம்கூட இருக்காது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். மாதப்பன் மேல்பக்கம், தண்ணீர் வந்து மோதுகிற பக்கம் நின்றிருந்தார். துண்டாலும் அந்த அம்மாளின் சேலையிலிருந்து கிழித்த முந்தானையாலும் இரண்டு குழந்தைகளையும் தன் உடம்போடு கட்டியிருந்தார், ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால். தண்ணீர் அவர் முழங்காலுக்கு மேல் இருந்தது.

முதல் பரிசல் பாறையைப் பிடிக்க முடியாமல் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதிலிருந்து எறிந்த கயிற்றை மாதப்பன் ஒரு கையால் பிடித்தார். "பேகா! பேகா!" என்று, சீக்கிரம் என்பதை அவர் கன்னடத்தில் கத்தியது தண்ணீர் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. குழந்தைகளை முதலில் கொடுத்தார். பிறகு அந்த அம்மாள். பிறகு கணவன். பரிசலில் இனி இடமில்லை. கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, பரிசலின் விளிம்பைப் பிடித்தபடி, தண்ணீரிலேயே இழுபட்டு வந்தார். கரையில் அவரைத் தூக்கியபோது இரண்டு கால்களிலும் பாறை கீறிய ரத்தம்.

எல்லாரும் பிழைத்தார்கள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அப்போது எனக்கு அது முதலிலேயே தெரியாதே.

அந்தக் கணவன் என்னிடம் வந்தார். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. "ரெண்டு மணி நேரமா கத்தினோம். நாங்க வரலைன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியலையா?" என்று கேட்டார். நீங்கள் நான்கு மணிக்கே வந்துவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் முனியப்பன் வந்து அழுதார். அந்தச் சேலத்துக்காரர்கள் மணல் திட்டில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் சூப்பர்வைசர் ஆயிரம் கேள்வி கேட்பார். அதனால் மாதப்பன் ஆற்றிலேயே முனியப்பனைப் பார்த்து, "நாலு மணியாச்சுன்னா என் வில்லைய மாத்திப் போட்டுடு" என்று சொல்லிவிட்டார். இவரும் போட்டுவிட்டார். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் விசாரணைக்கு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அன்று மாலை சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். பதிவேட்டைத் திறந்து பதினேழு இருந்த வரியின் கீழ் ஸ்கேலை வைத்தார்.

"ஏம்மா, நாலு மணிக்கு வந்ததா இருக்குது. சரிதான். வந்தான். மறுபடியும் யாருக்கும் சொல்லாம, அவங்கள ஏத்திக்கிட்டு ரெண்டாவது தடவ போயிட்டான். அப்படித்தானே ஆகுது?"

"அப்படி நடக்கலையே சார்."

"ரிஜிஸ்டர்படி சொல்றேன். நீங்க ஒண்ணும் மாத்த வேண்டாம். எழுதினது எழுதினபடி இருக்கட்டும். பேசாம இருங்க, போதும்."

"அப்படின்னா மாதப்பன் மேல போலீஸ் கேஸ் ஆகும் சார். அனுமதி இல்லாம ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போயி தண்ணியில தள்ளினான்னு ஆயிடும்."

"எனக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம்தாம்மா இருக்குது" என்றார்.

பென்னாகரம் அறையில் அன்று நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பிறர் தவறைப் பார்த்துக் கோபப்பட்டே பழகியவள் நான். இந்த முறை எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையெழுத்து முன்னால் வந்து நின்றது. பார்க்காமல் எழுதியது நான்தான். யார் சொல்லியும் இல்லை, சோம்பலால்.

விசாரணை அன்று அதிகாரியின் முன்னாலேயே பேனாவை எடுத்து, 4.00 என்பதை ஒரே கோட்டால் அடித்தேன். பக்கத்தில், "பரிசலை நான் கண்ணால் பார்க்கவில்லை. வில்லையைப் பார்த்து எழுதினேன். பரிசல் கரைக்கு வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பதிவேட்டில் அத்தனை பெரிய அடித்தல் அதற்கு முன் விழுந்ததில்லை. பிறகு அதிகாரி கேட்டதற்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வில்லையை மாற்றச் சொன்னது மாதப்பன் என்பதையும் சொன்னேன்.

முடிவு இப்படி வந்தது. எனக்கு மெமோவும் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இடமாற்றமும். முனியப்பனுக்கு எச்சரிக்கை. மாதப்பனுக்குப் போலீஸ் கேஸ் இல்லை, ஆனால் ஒரு வருடம் ஆற்றில் இறங்கக் கூடாது. சூப்பர்வைசருக்கு ஒன்றும் இல்லை. தகவலை உடனே மேலிடத்துக்குத் தெரிவித்தார் என்று பாராட்டி ஒரு வரி இருந்தது. தெரிவித்த தகவல் தப்பு என்பதை எழுத யாருக்கும் மனம் வரவில்லை.

நல்லதும் கொஞ்சம் நடந்தது. மேசை வளைவுக்குப் போனது. பரிசலைக் கண்ணால் பார்த்த பிறகு கிளார்க் மட்டுமே வில்லையை மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மணல் திட்டில் கொடியோடு ஓர் ஆள் நின்று, தாண்டும் பரிசலின் எண்ணையும் நேரத்தையும் எழுதத் தொடங்கினார். அடுத்த வருடம் ஒரு பரிசல் பத்து நிமிடம் தாமதமானதுமே தேடப் போனார்கள், துடுப்பு உடைந்து தவித்தவர்களை உடனே கொண்டுவந்தார்கள் என்று எனக்குப் பின் வந்தவர் எழுதியிருந்தார். ஒரு குடும்பத்தைப் பாறையில் நிற்க வைத்துவிட்டுத்தான் ஒரு மேசையை நகர்த்த வேண்டியிருந்தது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும்.

துறையை விட்டுக் கிளம்பும் முன் ஊட்டமலைக்குப் போனேன். மாதப்பன் வீட்டு வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார், கூடை முடைய. அவர் மனைவி கயிற்றுக்கட்டிலைத் தட்டிப் போட்டார். நான் என்ன சொல்ல வந்தேனோ அதைச் சொல்ல முடியவில்லை. சட்டப்படி என்ன, விதிப்படி என்ன என்று என்னவோ பேசிக்கொண்டிருந்தேன்.

மாதப்பன் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீங்க எழுதினது நெஜந்தானுங்க கிளார்க்கம்மா. வில்லைய மாத்தச் சொன்னது நாந்தான். எம்மேல தப்பு இல்லேன்னு சொல்லல. நீங்க பேசாம இருந்திருந்தா ஜெயிலுக்கே போயிருப்பேன், அதுவும் தெரியும். ஆனா ஒண்ணு கேக்கறேங்க. அந்த ரெண்டு புள்ளைங்களையும் கட்டிக்கிட்டு தண்ணிக்குள்ள நின்னேனே, அத எங்க எழுதினீங்க?"

எங்கும் எழுதவில்லை. யோசித்துப் பார்த்தேன். அதிகாரி அதைக் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. வில்லை, நேரம், யார் மாற்றினார், யார் சொன்னார், இவற்றைச் சொல்லி முடித்ததும் நடந்ததெல்லாம் சொல்லிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

பையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்து, கட்டிலின் மேலேயே வைத்து மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினேன். அவர் எங்கே நின்றார், தண்ணீர் எவ்வளவு இருந்தது, யாரை முதலில் கொடுத்தார், கடைசியில் எப்படி வந்தார் என்று நான் பார்த்ததை மட்டும் எழுதினேன். படித்துக் காட்டினேன். அவர் மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு மாதப்பன் பக்கம் திரும்பினார்.

"கடைசியா நீ தண்ணியிலேயே வந்தியா? பரிசலுல வந்தேன்னு சொன்ன?"

மாதப்பன் மூங்கிலைப் பார்த்துக்கொண்டார். "எடமில்லடி" என்றார்.

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. மாதப்பன் தாளை வாங்கி, நான் காட்டிய இடத்தில் எழுத்துக்கூட்டிப் பெயரை எழுதினார். மனுவுக்கு எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வருடம் முடியக் காத்திராமல், தை பிறக்கும் முன்பே அவரை ஆற்றில் இறங்க விட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.